பேலட் அடுக்கா, பலகைப் பெட்டியா, செங்கல் அறையா, இடிபாட்டு மேடா?

பிரிட்டனில் அலாட்மென்ட் எனும் வாடகைத் தோட்டத் துண்டு எடுப்பவருக்கு முதல் வருடத்து மகசூல் பெரும்பாலும் முன்பிருந்தவர் விட்டுப்போன சாமான்தான். நாலைந்து பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு), உடைசல் செங்கல், விரிசல் விட்ட நடைபாதைக் கல், கீல் கழன்ற கொட்டகைக் கதவு. அள்ளிப் போகச் சொன்னால் காசு, எரிக்கப் பல இடங்களில் தடை. இதைக் கொண்டே முள்ளெலிக்கோ தவளைக்கோ கூட்டமாக வாழாத தனித் தேனீக்கோ ஓர் ஒதுங்கிடம் கட்டலாம். ஆனால் முழுத் துண்டே பழைய கணக்கில் பத்து ராட், சுமார் 250 சதுர மீட்டர். புதிதாகச் சேருபவர் பலருக்கு அதில் பாதிதான் கிடைக்கிறது. வெங்காயத்தையும் பூசணியையும் தள்ளி உயிரினங்களுக்கு விட முடிவது ஒரு மூலை. அதில் எதைக் கட்டுவது என்பதுதான் கேள்வி.

முள்ளெலி என்றதும் முள்ளம்பன்றியை நினைக்க வேண்டாம். இது இரண்டு உள்ளங்கையில் அடங்கும் பிராணி. தமிழ்நாட்டின் வறண்ட பகுதிகளிலும் முள்ளெலி உண்டு, ஆனால் அது வேறு இனம். பிரிட்டனில் இருப்பது நவம்பர் வாக்கில் படுத்தால், இடையில் சிலமுறை விழித்தாலும், மார்ச் வரை கூட்டோடுதான். 2020இல் வந்த பிரிட்டன் பாலூட்டிகளின் சிவப்புப் பட்டியலில் அது அழிவபாயத்தில் இருக்கும் இனமாகச் சேர்ந்துவிட்டது.

கட்டுவதற்கு முன் கையிருப்பைச் சோதிக்க வேண்டும்

பேலட்டின் பக்கவாட்டுக் கட்டையில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை இருக்கும். அதில் ஹெச்.டி. என்றிருந்தால் மரத்தின் உட்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது, தாராளமாகப் பயன்படுத்தலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, தொடவே வேண்டாம். முத்திரை இல்லாததும் எண்ணெய்க் கறை படிந்ததும் வேலைக்காகாது. நீலச் சாயம் பூசியவை பெரும்பாலும் வாடகை பேலட்டுகள். தெருவில் கிடந்தாலும் அவை நிறுவனத்தின் சொத்து.

வேலிக் கம்பங்களில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வீட்டு உபயோக மரத்துக்கு ஆர்சனிக் கலந்த மருந்தேற்றுவதற்கு 2004இல் கட்டுப்பாடு வந்தது. அதற்கு முந்தைய, பச்சை சாயல் தெரியும் கம்பத்தை அறுக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது. தார் வாடை வீசும் ரயில் ஸ்லீப்பரும் அப்படியே. எல்லாவற்றையும்விட ஆபத்தானது பழைய கொட்டகையின் சாம்பல் நிற நெளிவுக் கூரைத் தகடு. பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸ் முழுத் தடை 1999இல்தான் வந்தது. அதற்கு முந்தைய சிமென்ட் தகடாக இருந்தால் உடைக்காமல், துளையிடாமல், இருந்த இடத்திலேயே விட்டுத் தோட்டத் தளத்தின் செயலாளரிடம் சொல்லிவிடுங்கள்.

ஐந்தடுக்கு மாளிகை

படங்களில் அதிகம் காண்பது இதைத்தான். ஐந்து பேலட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடைவெளிகளில் மூங்கில், பைன் காய், வைக்கோல், ஓட்டுத் துண்டு எல்லாம் திணித்து, மேலே ஒரு கூரை. ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும், குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், பார்க்கவும் அழகு. குடிவருவது சிலந்தியும் மரவட்டையும் இடுக்குப்பூச்சியும்தான்.

அடிப்படையிலேயே பிழை இருக்கிறது. தேனீக்கு வெயில் வேண்டும், முள்ளெலிக்கு நிழல் வேண்டும், தவளைக்கு ஈரம் வேண்டும். மூன்றையும் ஒரே சுவரில் தர முடியாது. 'கீழ்த்தளம் முள்ளெலிக்கு' என்று எழுதி வைப்பதும் வீண். ஐரோப்பிய பேலட்டின் அடி இடைவெளி 10 செ.மீ., முள்ளெலி வாசலுக்குச் சொல்லப்படும் அளவு 13 செ.மீ. அப்படியே நுழைந்தாலும் நாலு பக்கமும் காற்று ஊடுருவுகிற இடத்தில் அது குளிர்காலம் படுக்காது. வைக்கோல் முதல் மழையிலேயே நனைந்து பூஞ்சணம் பிடிக்கும். மண்ணைத் தொடும் பேலட் முதலில் உளுத்து, மொத்த அடுக்கும் ஒரு பக்கம் சாயும். ஏற்கெனவே அடுக்கியாயிற்று என்றால் இடிக்க வேண்டாம், வெயில் படாத ஓரத்தில் மரவட்டைக்கு விட்டுவிடலாம். இனிமேல்தான் என்றால் அந்த ஐந்து பேலட்டுக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது.

பலகைப் பெட்டி

முள்ளெலிப் பெட்டி ஒன்றுக்கு இரண்டு பேலட் போதும். வெளி அளவு 60 செ.மீ. நீளம், 40 அகலம், 38 உயரம். பலகை அகலம் 9.5 செ.மீ. என்று வைத்தால் ஒரு சுவருக்கு நாலு வரிசை. 60 செ.மீ. துண்டு எட்டு, 40 செ.மீ. துண்டு எட்டு, கூரைக்கு 70 செ.மீ. துண்டு ஆறு, தரைக்கு 60 செ.மீ. துண்டு நாலைந்து, உள்தடுப்புக்கு மிச்சம் மீதி. மொத்தம் பதினாறு மீட்டர் பலகை.

கஷ்டம் பிரிப்பதில்தான். பேலட் ஆணிக்கு முறுக்கு உண்டு. கடப்பாரையால் நெம்பினால் ஆணி வராது, பலகைதான் பிளக்கும். இரும்பறுக்கும் அலகு மாட்டிய பாட்டரி வாளைப் பலகைக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு ஆணியையே அறுத்துவிடுங்கள். ஆணித்தலை பலகையிலேயே தங்கிவிடும், பாதகமில்லை. திரும்பப் பூட்டும்போது ஆணி வேண்டாம், திருகாணி போடுங்கள். பேட்ஜர் என்ற வளைக்கரடி முள்ளெலியைத் தின்னும். ஆணியடித்த பெட்டியை அது பிய்த்துவிடும்.

வாசல் 13 செ.மீ. சதுரம். உள்ளே நுழைந்ததும் ஒரு தடுப்பு. அதிலுள்ள இரண்டாம் வாசல் எதிர்மூலையில் இருக்க வேண்டும். நேருக்கு நேர் வைத்தால் நரியின் கை படுக்கை வரை எட்டும், வாடைக்காற்றும் நேரே புகும். பழைய தோட்டக் குழாயில் ஒரு சாண் வெட்டி, வெளிமுனை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்குமாறு சுவரின் மேல்பக்கம் செருகினால் காற்றோட்டத்துக்கு ஆயிற்று.

பெட்டி கெடுவது பெரும்பாலும் அக்கறை மிகுதியால். பலகை இடுக்குகளில் குளிர் புகுமே என்று பிளாஸ்டிக் தாளால் முழுக்கச் சுற்றினால், முள்ளெலியின் மூச்சு ஈரம் வெளியேற வழியின்றி உட்சுவரில் வியர்க்கும், படுக்கை நனையும். தாளைக் கூரைக்கு மட்டும் போடுங்கள். சுவர்களுக்கு வெளியே சருகும் சுள்ளியும் மண்ணும் அணைத்தால் போதும். பெட்டியை நாலு செங்கல் மேல் தூக்கி வைத்து, வாசலுக்கு ஒரு கல்லைச் சரிவாகப் போட வேண்டும். இவ்வளவு செய்தாலும் மருந்தேற்றாத மரம் நாலைந்து வருடம் தாக்குப்பிடித்தாலே அதிகம்.

செங்கல் அறை

அதே முள்ளெலிக்கு, அதே மூலையில், சிமென்ட் பூசாமல் அடுக்கும் அறை. 60-க்கு 60 செ.மீ. நடைபாதைக் கல் ஒன்று தரைக்கு, ஒன்று கூரைக்கு. சுற்றிலும் ஒற்றைச் செங்கல் கனத்தில் ஐந்து வரிசை. வரிசைக்கு ஒன்பதிலிருந்து பத்து செங்கல் பிடிக்கும். வாசலுக்கு முன் சிறு நடையும் சேர்த்தால் 60 செங்கல் கையில் இருக்கட்டும். உள்ளே 40-க்கு 40 இடம் கிடைக்கும். இரண்டு வரிசை உயரத்துக்கு வாசல் விட்டால் 13 செ.மீ. தானாக வந்துவிடும்.

உளுக்காது, பேட்ஜர் அசைக்காது, சுத்தம் செய்யக் கூரையை நகர்த்தினால் போதும். ஆனால் அந்தக் கல் ஐந்து செ.மீ. கனமென்றால் நாற்பது கிலோ இருக்கும், இரண்டு ஆள் வேண்டும். கீழே மண் மட்டமில்லாமல் ஒரு மூலை அமிழ்ந்தால் பூச்சில்லாத சுவர் சரியும். உள்ளே தூங்கும் பிராணியின்மேல் நாற்பது கிலோ விழுவதை நினைத்துப் பார்த்து, மட்டக்கோல் வைத்துத் தரையைக் கெட்டித்த பிறகே முதல் செங்கல் வையுங்கள். குளிர்ந்த கல்லின் அடியில் நீர் முத்துமுத்தாகக் கோத்துச் சொட்டும் என்பது இன்னொரு குறை. கூரைக்கல்லுக்குக் கீழே பேலட் பலகையால் ஒரு பொய்க்கூரை வைத்தால் தீர்ந்தது. பலகையா செங்கலா என்று கேட்டால், செங்கல் கிடைக்கிறவர் செங்கல்லே கட்டட்டும். பலகையின் ஒரே மேன்மை, அதைத் தனி ஆளாகத் தூக்கி இடம் மாற்றலாம் என்பது.

எதுவானாலும் செப்டம்பருக்குள் தயாராக வேண்டும். வேலியோரம், நிழலில், வாசல் வடக்கு பார்க்காமல். உள்ளே சருகை அரைவாசி நிரப்பி, வெளியே ஒரு குவியல் விடுங்கள். மிச்சத்தை அதுவே வாயில் கவ்விக் கொண்டுபோய் அடுக்கும். உணவு வைப்பதைப் பற்றித் தளக் குழுவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிண்ணத்துக்கு முதலில் வருவது எலிதான். கொட்டகையில் பழைய மெட்டால்டிஹைட் நத்தைக் குருணைப் பொட்டலம் இருந்தால் அது 2022 மார்ச் இறுதியோடு வெளியிடங்களில் தடையான சரக்கு. முள்ளெலி வீட்டருகே அதைத் தூவுவதற்குப் பேசாமல் வீடே கட்டாமல் இருக்கலாம்.

இடிபாட்டு மேடு

உடைசல் செங்கலும் கான்கிரீட் துண்டும்தான் மிச்சம் என்பவர்க்கு இது. தவளை, தேரை, நியூட் என்ற வாலுள்ள நீர்நில உயிரி, ஸ்லோவோர்ம் ஆகியவை உறைபனிக்குத் தப்பிக் குளிர்காலம் கழிக்கும் இடம். ஸ்லோவோர்ம் பார்க்கப் பாம்பு போலிருக்கும், உண்மையில் காலில்லாத பல்லி. நத்தைகளைத் தின்பதால் தோட்டக்காரருக்கு வேண்டப்பட்டது.

இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழத்தில் குழி. பெரிய துண்டுகள் அடியில், மரக்கட்டைகள் நடுவே. மண் போட்டு இடுக்கை அடைக்காதீர்கள், அந்த இடுக்குதான் வீடு. ஜிப்சம் பலகைத் துண்டு வேண்டாம். ஐந்திலிருந்து பத்து செ.மீ. விட்டமுள்ள பழைய மண்குழாய்களை வெளிப்பக்கம் சற்றுத் தாழ வைத்தால் வாசலும் ஆயிற்று, மழைநீரும் உள்ளே போகாது. தரைக்கு மேலும் அரை மீட்டர் குவித்து, அட்டைப்பெட்டியை விரித்து மூடி, அதன்மேல் மண்ணும் புல்கரணையும். குழிக்குள் மட்டும் ஒரு கன மீட்டர் போகும், கட்டட வேலைத் தள்ளுவண்டியில் பன்னிரண்டு நடை.

லண்டன் பக்கத்துக் களிமண்ணில் இதே குழி குளமாகிவிடும், உள்ளே உறங்குபவை மூழ்கிச் சாகும். முதலில் ஒரு முழங்கை ஆழத்தில் சிறு குழி தோண்டி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் தோண்டும் யோசனையை விட்டு, தெற்குப் பார்த்த சரிவில் தரைக்கு மேலேயே மேடாகக் கட்டுங்கள். உரக்குவியலை ஒட்டிக் கட்டினால் எலி முந்திக்கொள்ளும்.

கட்டுவதற்குமுன் யோசிக்க வேண்டியது இன்னொன்று. ஸ்லோவோர்மைக் கொல்வதும் காயப்படுத்துவதும் 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். குடிவந்த பிறகு 'இந்த இடத்தில் கொட்டகை போடலாம்' என்று மண்வெட்டியோடு போக முடியாது. பெட்டியை நகர்த்தலாம், அறையைப் பிரிக்கலாம், மேடு நிரந்தரம்.

தேனீக்குத் தனிக் கட்டை

இதற்கு மூலையே வேண்டாம். கொட்டகையின் தெற்குச் சுவரில், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், ஆடாமல் பூட்டிய ஒரு கட்டை போதும். பேலட்டின் ஒன்பது கட்டைகளைத் துளைக்கலாமே என்று தோன்றும். பல பேலட்டுகளில் அவை மரத்தூளை அழுத்திச் செய்தவை, மழையில் ஊதிவிடும். திட மரமாக இருந்தாலும் ஆழம் போதாது. செம்மேசன் என்ற தனித் தேனீ துளையின் பின்பகுதியில் பெண் முட்டைகளையும் வாசல் பக்கம் ஆண் முட்டைகளையும் இடும். துளை எட்டு செ.மீ. மட்டும் என்றால் ஆண்கள்தான் அதிகம் பிறக்கும். 15 செ.மீ. ஆழம் கிடைக்கிற விறகுக்கட்டையை எடுத்து, மரவரிக்குக் குறுக்கே துளைபோடுங்கள். வெட்டுமுகத்தில் போட்டால் வெயிலில் வெடிக்கும். பெரும்பாலும் 8 மி.மீ., சில 6, சில 4. துளை மறுபக்கம் வெளியே வரக் கூடாது. வாசலில் சிராய் நின்றால் சிறகு கிழியும், உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். பெரிய கூட்டமாக ஒரே இடத்தில் வைத்தால் மகரந்தத்தைத் தின்னும் சிற்றுண்ணியும் ஒட்டுண்ணி ஈயும் பெருகும், ஆகவே சிறு கட்டைகளாக ஆங்காங்கே மாட்டி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

ஆக, நிழல் மூலையும் செங்கல்லும் இருந்தால் அறை, தனி ஆளும் பேலட்டும் என்றால் பெட்டி, வெயில் சரிவும் நீர் வடியும் மண்ணும் இருந்தால் மேடு. முள்ளெலி வீடு கட்டியவர் வேலியடியில் 13 செ.மீ. ஓட்டை விட மறக்கக் கூடாது, சுற்றிலும் அடைத்த துண்டுக்குள் அது வானத்திலிருந்தா குதிக்கும்? சுத்தம் செய்வது ஏப்ரலில். ஆளிருக்கிறதா என்று அறிய வாசலில் நாலு புல்லைச் செருகிவிட்டு மூன்று நாள் பாருங்கள். புல் அப்படியே நின்றால் கூரையைத் திறந்து பழைய சருகை வாரிக் கொட்டி, கொதிநீர் ஊற்றி, காய்ந்த பிறகு மூடுங்கள். புல் தள்ளப்பட்டிருந்தால் இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள்.