10 அங்குல டேபிள் சா: பிளேடின் பின்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்

மண்டபம், பாம்பன் வட்டாரத்தில் பொழுதுபோக்காக மரவேலை செய்பவர்களின் கொட்டகைகளில் டேபிள் சா (மேசையின் நடுவே எழுந்து நிற்கும் பிளேடில் மரத்தைத் தள்ளி அறுக்கும் இயந்திரம்) என்று காட்டப்படுவது பெரும்பாலும் ஒரு பிளைவுட் பலகையும், அதன் அடியில் தலைகீழாகத் திருகப்பட்ட மார்பிள் கட்டரும்தான். கையில் பிடித்துக் கல் அறுப்பதற்காகச் செய்யப்பட்ட அந்தக் கருவி நிமிடத்திற்கு 12,000 சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது. அதில் மரம் அறுக்கும் பிளேடை மாட்டி, சுவிட்சை லாக் செய்துவிட்டு, மூடியும் இல்லாமல் பலகையைத் தள்ளுகிறோம். அந்த ஏற்பாட்டுக்குப் பதிலாக, மடக்குக் கால்களில் நிற்கும் 10 அங்குல டேபிள் சா ஒன்றை வாங்கி, ஒரு வடகிழக்குப் பருவமழையையும் அதற்கு அடுத்த கோடையையும் அதனோடு கழித்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். இதே அமைப்பில் பல நிறுவனங்கள் இயந்திரங்களை விற்கின்றன. நான் சொல்லப்போகும் நிறைகுறைகளும் ஏறக்குறைய அவை எல்லாவற்றுக்கும் பொருந்தக்கூடியவை. ஆகவே நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

அறுக்கும் திறனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேம்பு, வாகை, பூவரசு என இங்கே கிடைக்கும் மரங்களை இரண்டு அங்குலக் கனம் வரை சிரமமில்லாமல் அறுக்கிறது. இதன் விலை அரை லட்ச ரூபாயை எட்டுவதால், அந்தப் பணம் விரல்களைக் காப்பதற்கு எந்த அளவுக்கு உதவுகிறது என்பதே எனக்கு முக்கியமான கேள்வியாக இருந்தது. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீட்டின்படி, அந்த நாட்டில் மட்டும் ஆண்டுதோறும் 30,000க்கும் மேற்பட்டோர் டேபிள் சா காயங்களுக்காக அவசர சிகிச்சைக்கு வருகிறார்கள். அவற்றுள் ஏறக்குறைய 4,000 உறுப்புத் துண்டிப்பில் முடிகின்றன. 254 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளேடு நிமிடத்திற்கு 4,800 முறை சுழலும்போது அதன் பல்லின் வேகம் மணிக்குச் சுமார் 230 கிலோமீட்டர். கையை இழுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்திற்கு அந்த வேகத்தில் இடமே கிடையாது.

இந்த இயந்திரத்தில் நான் முதலில் பாராட்டுவது, பிளேடுக்குப் பின்னால் அதன் வளைவை ஒட்டி நிற்கும் எஃகுத் தகட்டை. ரிவிங் நைஃப் எனப்படும் அந்தத் தகட்டின் பயனை அறிய, மரம் ஏன் திருப்பி அடிக்கிறது, அதாவது கிக்பேக் ஏன் நிகழ்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் பக்கம் இருக்கும் பற்கள் கீழ்நோக்கி இறங்குவதால் மரத்தை மேசையோடு அழுத்துகின்றன. பின்பக்கப் பற்களோ மேல்நோக்கி எழுகின்றன. அறுபட்ட பிளவு மூடிக்கொண்டாலோ, பலகை சற்றுத் திரும்பினாலோ, அந்தப் பின்பக்கப் பற்கள் மரத்தைத் தூக்கி நம்மை நோக்கி எறிந்துவிடும். நெஞ்சிலோ வயிற்றிலோ படும் அடி ஒருபுறம் இருக்க, பலகையை அழுத்திக்கொண்டிருந்த கையும் அதே கணத்தில் பிளேடின் மேல் சென்று விழுவதுதான் கிக்பேக்கின் மிகக் கொடிய பகுதி. பிளவை மூட விடாமலும், மரம் பின்பற்களைத் தொட விடாமலும் அந்தத் தகடு காக்கிறது. பிளேடை ஏற்றினாலும் இறக்கினாலும் சாய்த்தாலும் அது கூடவே நகர்கிறது என்பதும், பிளேடின் உச்சியைவிடச் சற்றுத் தாழ்ந்தே நிற்பதால் பள்ளம் வெட்டும்போது கழற்றத் தேவையில்லை என்பதும் பழைய நிலைத்த வகைத் தகட்டில் இல்லாத வசதிகள்.

நம் கடற்கரைக்கு இந்தத் தகடு இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. இங்கே நாம் வாங்கும் மரம் சூளையில் உலர்த்தப்பட்டதாக இருப்பதில்லை. வீட்டு ஓரத்தில் அடுக்கிவைத்து, உப்புக் காற்றில் பாதி உலர்ந்தும் பாதி உலராமலும் இருப்பதுதான் வழக்கம். அப்படிப்பட்ட மரத்தின் உள்ளே தேங்கி நிற்கும் இறுக்கம் அறுக்கும்போதுதான் வெளிப்படும். நீளவாக்கில் ஒரு பூவரசுப் பலகையை அறுத்தபோது, பாதி தூரம் போவதற்குள் பிளவின் இரு பக்கங்களும் நெருங்கிவந்து தகட்டைக் கவ்விக்கொண்டன. இயந்திரத்தை நிறுத்தி, பிளவில் ஒரு சிறிய ஆப்பைச் செருகிவிட்டுத் தொடர்ந்தேன். தலைகீழ் கட்டரில் அந்த இடத்தில் தகடு இருந்திருக்காது. மரம் பிளேடைத்தான் கவ்வியிருக்கும்.

பிளேடை மாற்றும்போது ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். தகட்டின் கனம் பிளேடின் உடற்கனத்தைவிட அதிகமாகவும், பற்கள் வெட்டும் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். என் இயந்திரத்தின் தகட்டில் அதன் கனம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது. விலை குறைவு என்று மெல்லிய பிளேடை வாங்கி மாட்டினால் பலகை தகட்டில் இடித்து நின்றுவிடும். அப்படி நின்றதும் தகட்டைக் கழற்றி எறியும் பழக்கத்தைப் பல கொட்டகைகளில் பார்க்கிறேன். கழற்ற வேண்டியது பிளேடைத்தான்.

இரண்டாவதாக நான் மதிப்பெண் கொடுப்பது சுவிட்சுக்கு. நம் ஊரில் மின்சாரம் எப்போது போகும், எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. சாதாரண சுவிட்ச் உள்ள இயந்திரம் அறுத்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், நாம் குனிந்து சிக்கிய துண்டை எடுக்கும் நேரத்தில் மின்சாரம் வந்து பிளேடு தானாகவே சுழலத் தொடங்கிவிடும். மின்சாரம் போனதும் விடுபட்டு, மீண்டும் நாமே அழுத்தினால்தான் ஓடத் தொடங்கும் நோ-வோல்ட் சுவிட்ச் இதில் இருக்கிறது. பிளேடைக் கழற்றி வைத்துவிட்டு, ஓடும்போதே பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகிச் சோதித்தேன், மோட்டார் அசையவில்லை. நிறுத்தும் பட்டை அகலமாக இருப்பதால், இரு கைகளும் மரத்தின் மேல் இருக்கும்போது முழங்காலாலேயே தட்டி நிறுத்தலாம். மாலை நேரத்தில் வோல்டேஜ் குறையும்போது மட்டும் மோட்டார் திணறுகிறது. அப்போது பலத்தைக் கூட்டித் தள்ளுவது கை வழுக்குவதற்கு நேர்வழி என்பதால், அந்த வேளைகளில் நான் அறுப்பதில்லை.

குறைகளுக்கு வருகிறேன். வேலி, அதாவது பலகை உரசிச் செல்லும் ஃபென்ஸ், பெட்டியிலிருந்து எடுத்தபோது பிளேடுக்கு இணையாக இல்லை. பின்முனை பிளேடை நோக்கிச் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வு மரத்தைப் பின்பற்களின் மேல் நெருக்கும் என்பதால் இதைச் சிறிய குறையாக நான் எண்ணவில்லை. மேசையில் பிளேடுக்கு இணையாக ஓடும் மைட்டர் பள்ளத்திலிருந்து முன்முனைக்கும் பின்முனைக்கும் தனித்தனியாக அளந்து, திருகுகளைத் தளர்த்திச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் கையேட்டில் அதற்கான விளக்கம் ஏனோதானோ என்று இருக்கிறது.

கூடவே தந்திருக்கும் தள்ளுகட்டை மெல்லிய பிளாஸ்டிக் குச்சி. அது பலகையின் வாலை மட்டும் தள்ளுகிறது. முன்பகுதி மேலெழுந்தால் அழுத்திப் பிடிக்க அதனால் முடியாது. பிளைவுட் துண்டில் செருப்பின் அடிப்பகுதியைப் போல நீண்ட அடியும், பின்னால் ஒரு குதிகாலும் வைத்து நானே செய்துகொண்டதையே இப்போது பயன்படுத்துகிறேன். கை பிளேடுக்கு ஒரு சாணுக்கு அருகே போகவேண்டிய எந்த அறுப்பிலும் அது கையில் இல்லாமல் தொடங்குவதில்லை.

ஒளி ஊடுருவும் பிளேடு மூடியைப் பற்றி எனக்கு இரு மனம். கடற்காற்றின் ஈரத்தில் மரத்தூள் அதன் உட்புறம் அப்பிக்கொள்வதால் சில வாரங்களில் மங்கிவிடுகிறது. துடைக்காவிட்டால் அறுக்கும் கோடு தெரிவதில்லை. குறுகலான பட்டைகளை அறுக்கும்போது தள்ளுகட்டைக்கு அது இடம் விடுவதும் இல்லை. இருந்தாலும், அதைக் கழற்றுவதற்கு ஒவ்வொரு முறையும் காரணம் வேண்டும் என்பதே என் கருத்து. காரணம் முடிந்ததும் திரும்ப மாட்டிவிட வேண்டும்.

மேசை அலுமினியம் என்பதால் துருப்பிடிக்காது. பாம்பன் காற்றில் வார்ப்பிரும்பு மேசையை வைத்திருப்பவர்களின் பாடு வேறு. ஆனால் பலகையை வேலியோடு அழுத்திப் பிடிக்கும் சீப்பு போன்ற ஃபெதர்போர்டில், காந்தத்தில் ஒட்டும் வகை இதில் நிற்காது; மைட்டர் பள்ளத்தில் இறுக்கும் வகையைத்தான் வாங்க வேண்டும். உள்ளே பிளேடை ஏற்றி இறக்கும் எஃகுத் திருகுகள் துருப்பிடிக்கத்தான் செய்கின்றன. மழைக்காலம் முடிவதற்குள் கைப்பிடி இறுகி, உயரத்தைச் சரியாக வைக்க முடியாமல் போனது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய பல் துலக்கியால் தூளை நீக்கி, உலர் வகை மசகைத் தடவிய பிறகு சீரானது. மேசையின் மேல் மெழுகு பூசினால் பலகை வழுக்கிச் செல்கிறது. தள்ளும் பலம் குறையக் குறைய ஆபத்தும் குறைகிறது.

பழைய வள்ளத்துப் பலகைகளை வாங்கி மேசை, பெஞ்சு செய்யும் ஆசை நம்மில் பலருக்கு உண்டு. அவற்றில் தலை ஒடிந்து உள்ளே புதைந்த ஆணிகள் இருக்கும். இரும்பு ஆணியைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். செப்பு ஆணியைக் காட்டாது. பிளேடின் கார்பைடு முனை ஒன்று உடைந்து பறந்தால் கண்ணாடி அணியாத கண் தப்பாது. பனஞ்சட்டத்தின் கரிய நாரும் இதே எச்சரிக்கைக்கு உரியது. ஊசி ஊசியாகப் பிளந்து தெறிக்கும். உருண்டையான கிளைத் துண்டுகளை எந்த டேபிள் சாவிலும் வெறுமனே வைத்துத் தள்ளக்கூடாது.

உடம்பை ஒட்டாத எதையும் கழற்றிவிட வேண்டும் என்று கையேடு சொல்வதை நம் வழக்கப்படி எழுதினால், தோளில் துண்டு, பறக்கும் கைலி, கையுறை ஆகிய மூன்றும் ஆகாது. கையுறை பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அதன் நூலை ஒரு பல் பிடித்தால் கையையும் சேர்த்தே இழுக்கும்.

விரல் பட்டதும் பிளேடை நிறுத்தும் சாஸ்டாப் வகை இயந்திரம் இருக்கும்போது இதை ஏன் வாங்க வேண்டும் என்று கேட்கலாம். ஸ்டீவ் காஸ் என்பவர் 1999இல் கண்டறிந்த அந்த முறையில் பிளேடில் ஒரு மெல்லிய மின்சமிக்ஞை ஓடுகிறது. உடல் தொட்டதும் சமிக்ஞை மாறி, ஓர் அலுமினியக் கட்டை பிளேடுக்குள் பாய்ந்து, சுமார் 5 மில்லி வினாடிகளில் அதை நிறுத்திவிடுகிறது. அருமையான கண்டுபிடிப்புதான். ஆனால் ஒருமுறை செயல்பட்டால் அந்த பிரேக் பெட்டியையும் பெரும்பாலும் பிளேடையும் மாற்ற வேண்டும். மிக ஈரமான மரமும் ஆணியும்கூடச் சில நேரம் அதைத் தூண்டிவிடலாம். நம் வள்ளத்துப் பலகைகளோடு அதற்கு ஒத்துவராது. மேலும், திருப்பி அடிக்கும் மரத்தை அந்த பிரேக் தடுப்பதில்லை. அதற்கு அந்த இயந்திரத்திலும் ரிவிங் நைஃப்தான் இருக்கிறது.

இராமேசுவரத்திலிருந்து மதுரை ஏறக்குறைய 170 கிலோமீட்டர் என்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. விரல் துண்டாகிவிட்டால், காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டி 108க்கு அழைக்க வேண்டும். துண்டான பகுதியை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் மூடி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து எடுத்துச்செல்ல வேண்டும். பனிக்கட்டியில் நேரடியாக வைத்தால் திசு கெட்டுவிடும். இந்த வரிகளை எழுதிக் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

தலைகீழ் கட்டரை வைத்திருப்பவர்களுக்கு இந்த இயந்திரத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வாங்கும்போது ரிவிங் நைஃப்பும் நோ-வோல்ட் சுவிட்சும் இருக்கின்றனவா என்று கடையிலேயே பெட்டியைத் திறந்து பார்த்துவிடுங்கள். உதிரித் தகடு தனியாகக் கிடைக்குமா என்பதையும் விற்பவரிடம் கேளுங்கள்; கிடைக்காது என்றால் வேறு மாதிரியைப் பாருங்கள்.