.280 ரெமிங்டனுடன் 19 ஆண்டுகள்: நல்ல தோட்டா ஏன் கடையில் கிடைப்பதில்லை?

என்னோடு வேட்டைக்கு வரும் நண்பர் ஒருவர், என்னிடம் இருப்பதைப் போலவே .280 ரெமிங்டன் என்ற தோட்டாவைச் சுடும் ரைஃபிள் ஒன்று செகண்ட்ஹேண்டில் விலைக்கு வந்திருப்பதாகவும் அதை வாங்கலாமா என்றும் சென்ற வாரம் கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. 19 ஆண்டுகளாக அந்தத் தோட்டாவைத்தான் சுட்டுவருகிறேன். அதன்மேல் எனக்கு எவ்வளவு பிரியமோ அவ்வளவு கோபமும் உண்டு.

பிரியத்துக்குக் காரணம் எளிது. தோட்டாவிலிருந்து 140 கிரெய்ன் எடைக் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 3,000 அடி வேகத்தில் கிளம்புகிறது, நேராகப் போகிறது, தோள் வலிப்பதில்லை. மானுக்கும் போதும், எல்க் என்னும் பெரிய மானுக்கும் போதும். இத்தனை ஆண்டுகளில் தோட்டாவின் மீது குறை சொல்லும்படியான வேட்டை ஒன்றுகூட எனக்கு அமைந்ததில்லை.

கோபம் கடை அலமாரியின் முன்னால் நிற்கும்போது வருகிறது. .270, .308, .30-06, 6.5 கிரீட்மூர் போன்ற மற்றத் தோட்டாக்கள் எல்லாம் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்க, .280 இருக்க வேண்டிய இடத்தில் விலைச் சீட்டு மட்டும் ஒட்டியிருக்கும். பருவம் தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போதே தேடத் தொடங்கி, கிடைத்த ஒரே பெட்டியில் வேறு எடைக் குண்டு இருக்க, குறிபார்க்கும் ஸ்கோப்பை மறுபடியும் சரிசெய்த ஆண்டுகள் உண்டு.

இந்தத் தோட்டாவுக்கு என்ன குறை என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். 1957இல் அது வந்தபோது .270 வின்செஸ்டர் சந்தைக்கு வந்து 32 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜாக் ஓ'கானர் பத்திரிகையில் எழுதி எழுதியே அதை வேட்டைக்காரர் வீடுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். அதன் குண்டின் விட்டம் 0.277 அங்குலம், .280இன் குண்டு 0.284 அங்குலம். இந்த நூலிழை வித்தியாசத்துக்காகக் கையிலிருக்கும் ரைஃபிளை மாற்ற யார் முன்வருவார்? போதாக்குறைக்கு, ரெமிங்டனின் அரைத் தானியங்கி ரைஃபிளான மாடல் 740க்கு ஏற்றவாறு தோட்டாவின் உள்ளழுத்தத்தையும் மட்டுப்படுத்தினார்கள்: .270க்குச் சதுர அங்குலத்துக்கு 65,000 பவுண்டு, .280க்கு 60,000. பிறவியிலேயே கையைக் கட்டிப்போட்டு ஓட்டப்பந்தயத்தில் விட்ட கதைதான். 1962இல் அதே நிறுவனம் மாடல் 700 ரைஃபிளோடு 7எம்எம் ரெமிங்டன் மேக்னம் என்ற தோட்டாவைக் கொண்டுவந்ததும் இருந்த கவனமும் போயிற்று. 1979இல் பெயரை 7எம்எம் எக்ஸ்பிரஸ் என்று மாற்றிப் பார்த்தார்கள். அது மேக்னத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படவே, சில ஆண்டுகளில் பழைய பெயருக்கே திரும்பினார்கள்.

இவற்றில் ஒன்றுகூடக் குண்டு பறக்கும் விதத்தோடு தொடர்புடையதல்ல என்பதுதான் என் ஆதங்கம். .30-06க்கும் .308க்கும் ராணுவத்தின் கை இருந்தது. அந்த வரம் எல்லாத் தோட்டாவுக்கும் வாய்க்காது. ஆனால் 1955ஐப் பாருங்கள். .243 வின்செஸ்டர், .244 ரெமிங்டன் இரண்டும் ஒரே ஆண்டில், ஒரே 6எம்எம் விட்டத்தில் வந்தன. .243இன் குழலுக்குள் குண்டைச் சுழற்றும் திருகுவரிக்கு 10 அங்குலத்துக்கு ஒரு முறுக்கு. குண்டு கனமாகவும் நீளமாகவும் இருந்தால் முறுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். மானுக்கு வேண்டிய 100 கிரெய்ன் குண்டை அது தள்ளாடாமல் சுழற்றி அனுப்பியது. .244க்கு 12 அங்குலத்துக்கு ஒரு முறுக்கு வைத்து, 90 கிரெய்ன் போதும் என்றார்கள். ஒரே ரைஃபிளில் சிறு விலங்கையும் மானையும் சுட விரும்பியவர் எதை வாங்கினார் என்று சொல்ல வேண்டியதில்லை. 1963இல் முறுக்கைத் திருத்தி, 6எம்எம் ரெமிங்டன் என்று பெயரையும் மாற்றியபோது காலம் கடந்திருந்தது.

கிரீட்மூரின் வெற்றியைப் பலர் விளம்பரம் என்று தள்ளிவிடுகிறார்கள், நான் ஒப்பமாட்டேன். அது 140 கிரெய்ன் குண்டை அனுப்பும் வேகம் ஏறத்தாழ 2,700 அடிதான், என்னுடையதைவிட 300 அடி குறைவு. அதே விட்டத்தில் .260 ரெமிங்டன் 1997லேயே வந்துவிட்டது. ஆனால் அதன் கூடு, அதாவது குண்டையும் வெடிமருந்தையும் தாங்கும் பித்தளை உறை, நீளமானது என்பதால், நீண்ட கூர்மையான குண்டுகளைக் ரைஃபிளில் தோட்டாக்களை அடுக்கும் குட்டை மேகசினுக்குள் அடக்க, அவற்றை வெடிமருந்தின் இடத்துக்குள் அமுக்கிவைக்க வேண்டியிருந்தது. 2007இல் ஹார்னடி நிறுவனம் கூட்டைக் குட்டையாக்கி, 8 அங்குல முறுக்கை ஏற்று, வீட்டில் நிரப்புவோருக்கான மருந்தளவைப் பெட்டியிலேயே அச்சிட்டுக் கொடுத்தது. தோட்டா, குழல், மேகசின் மூன்றும் முதல் நாளே ஒன்றுக்கொன்று பொருந்தின. .280க்கு அந்த முதல் நாள் வாய்க்கவே இல்லை.

கடையில் கிடைக்காததால், காலிக் கூட்டில் மருந்தும் குண்டும் நிரப்பும் ரீலோடிங்கை நானே செய்கிறேன். .280இன் காலிக் கூடும் அரிது என்பதால் .270 கூட்டை மாற்றியும் பார்த்தேன். .280 தவறிப்போய் .270இன் அறைக்குள் நுழைந்துவிடக் கூடாது என்று அதன் தோளை, அதாவது கூடு கழுத்தாகக் குறுகும் இடத்தை, ஏறத்தாழ 0.05 அங்குலம் முன்னே தள்ளியிருக்கிறார்கள். ஆகவே .270 கூட்டின் கழுத்தை முதலில் .30 அளவுக்கு விரித்து, பிறகு .280 டை என்னும் அச்சில் சிறிது சிறிதாக இறக்கி, ரைஃபிளின் அறையை அடைக்கும் போல்ட் சற்று இறுக்கமாக மூடும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஒருமுறை கொஞ்சம் அதிகமாக இறக்கிவிட்டேன். சுட்டபின் வெளியே வந்த கூட்டில், அடிப்பகுதிக்குச் சற்று மேலே மயிரிழை போலப் பளபளப்பாக ஒரு வளையம் ஓடியது. கூடு இழுபட்டு இரண்டாகப் பிரியப்போவதற்கான அடையாளம் அது. அந்தத் தொகுதி முழுவதையும் நசுக்கிப் போட்டுவிட்டேன்.

நண்பருக்கு நேற்றிரவு பதில் எழுதினேன்: வாங்காதீர்கள், .270ஐ வாங்குங்கள், நான் இங்கே பாராட்டியிருக்கும் எதுவும் உங்களுக்கு அதிலும் கிடைக்கும். எழுதி முடித்துவிட்டு என் பெட்டியைத் திறந்து எண்ணினேன். இந்தப் பருவத்துக்கு 34 தோட்டாக்கள் இருக்கின்றன. ஸ்கோப்பைச் சரிபார்க்க 3 போனால் மீதி 31.