கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பிய பிறகு: லோனோடு வந்த பாலிசியா, பாரத் கிருஹ ரக்ஷாவா?

2023 டிசம்பர் 4 சாயங்காலம் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டுவிட்டது. மிக்ஜாம் புயல் சென்னையை ஒட்டிக் கடலில் நகர்ந்துகொண்டிருந்த நாள். மெயின் சுவிட்சை அணைத்தோம். அம்மாவின் மாத்திரைப் பெட்டி, வீட்டுப் பத்திரம் இருந்த பை, ஆளுக்கு இரண்டு செட் துணி. கதவைப் பூட்டிவிட்டு மாடி ஏறினோம். அன்றிரவு முதல் மாடி அக்கா வீட்டில், மறுநாள் படகில் மெயின் ரோடு, அங்கிருந்து லாட்ஜ்.

ஐந்தாம் நாள் திரும்பியபோது தண்ணீர் வடிந்திருந்தது. பீரோவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சேற்றுக்கோடு. முன்கதவுப் பூட்டு பூட்டியபடியே இருந்தது. பின்கதவுத் தாழ்ப்பாள் மட்டும் வளைந்து தொங்கியது. இரண்டு சிலிண்டர்கள், மிக்சி, பரண்மேல் ஏற்றி வைத்திருந்த பித்தளைப் பாத்திரங்கள் எல்லாம் போயிருந்தன. தண்ணீருக்குத் தப்பட்டும் என்று உயரத்தில் வைத்ததைத்தான் எடுத்துப் போயிருந்தார்கள்.

எங்களிடம் பாலிசி இருந்தது. 2018-இல் வீட்டுக் கடன் வாங்கியபோது "இது கட்டாயம் சார்" என்று சொல்லி, மொத்த பிரீமியத்தையும் கடன் தொகையிலேயே சேர்த்துக் கொடுத்தது. (வீட்டுக் கடனுக்கு வீட்டுக் காப்பீடு கட்டாயம் என்று சட்டம் எதுவும் இல்லை. அதை அப்போது நான் கேட்டிருக்க வேண்டும்.) அந்தப் பாலிசியை முதல்முறையாக முழுக்கப் படித்தது லாட்ஜ் அறையில், போன் திரையில். அடுத்த மாதமே பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீட்டுப் பாலிசியை எடுத்தேன். இரண்டையும் வரிவரியாகப் படித்துப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

முதலில், இரண்டுக்கும் பொதுவான ஒரு விஷயம். வீட்டை விட்டு வெளியேறியதற்காக மட்டும் எந்தப் பாலிசியும் பணம் தராது. அதிகாரிகள் சொல்லிக் கிளம்பினீர்கள், தண்ணீர் தெருவோடு நின்றுவிட்டது, வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் லாட்ஜ் செலவு உங்களுடையதுதான். வீட்டுக்குச் சேதம் வந்தால்தான் பாலிசி பேச ஆரம்பிக்கும். ஆகவே முதல் வாரச் செலவுக்குக் கையில் ரொக்கம் வேண்டும். "பாலிசியே வேண்டாம், அந்தப் பணத்தை பேங்கில் போட்டு வைத்தால் போதும்" என்பவர்களோடு இந்த அளவில் நான் ஒத்துப்போகிறேன். ஆனால் சுவர்ப் பூச்சு, கதவுகள், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், மெத்தை என்று ஒரே நாளில் போகும்போது அந்தச் சேமிப்பு எந்த மூலைக்கு?

சரி, பாலிசிகளுக்கு வருகிறேன். லோனோடு வந்தது பழைய ஸ்டாண்டர்ட் ஃபயர் பாலிசி, கட்டடத்துக்கு மட்டும். புயலும் வெள்ளமும் அதிலும் உண்டு. சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்தார், ஊறிப்போன கதவுகளையும் உதிர்ந்த பூச்சையும் படம் எடுத்தார், தொகையும் வந்தது. ஆனால் பாலிசியில் பேங்க் பெயரும் சேர்க்கப்பட்டிருந்ததால் அது நேரே லோன் கணக்குக்குப் போனது. கடன் கொஞ்சம் குறைந்தது, வாஸ்தவம். தச்சருக்கு நான் கொடுக்க வேண்டிய பணம் அப்படியே நின்றது. வீட்டுக்குள் இருந்த சாமான்களுக்குப் பூஜ்யம்.

பாரத் கிருஹ ரக்ஷா என்பது காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்துக் கொடுத்த பொது வடிவம். 2021 ஏப்ரல் 1 முதல் எந்தப் பொதுக் காப்பீட்டு நிறுவனத்தில் வாங்கினாலும் அடிப்படை விதிகள் ஒன்றே. கட்டடத்துக்கு எடுத்தால் சாமான்களுக்கும் தானாகவே காப்பு வந்துவிடும்: கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய். கட்டடத் தொகை என்பது வீட்டின் சந்தை விலை இல்லை. கார்ப்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் நாம் புழங்கும் தரைப் பரப்பை, சதுர அடிக்கு ஆகும் கட்டுமானச் செலவால் பெருக்கி வருவது. 900 சதுர அடி, சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தால் 22.5 லட்சம், சாமான்களுக்கு 4.5 லட்சம். நிலத்தின் விலை சேராததால் பலரும் பயப்படும் அளவுக்கு பிரீமியம் வருவதில்லை. வீட்டின் மதிப்பைக் குறைத்துக் காட்டிக் காப்பீடு எடுத்தாய் என்று க்ளெய்மை வெட்டும் பழைய வழக்கமும் இதில் இல்லை. இதெல்லாம் ஏஜென்ட் சொல்லும் விஷயங்கள்தான், நீட்டவில்லை.

என்னை மாற வைத்தது வேறு. கதவைப் பூட்டிய நேரத்துக்கும் திரும்பி வந்து திறந்த நேரத்துக்கும் நடுவே வீடு ஆளில்லாமல் கிடந்த அந்த நாட்கள்.

பழைய ஃபயர் பாலிசியில், காப்பீடு செய்த ஆபத்து நடக்கும்போதோ அதற்குப் பிறகோ நடக்கும் திருட்டு விலக்கு என்று நேரடியாகவே எழுதியிருக்கிறது. அதாவது, அதில் சாமான்களையும் நான் சேர்த்திருந்தாலும் சிலிண்டருக்கும் பித்தளைக்கும் ஒரு பைசா வந்திருக்காது. கிருஹ ரக்ஷாவில் இது தலைகீழ். வெள்ளம், புயல் போன்ற சம்பவம் நடந்த 7 நாட்களுக்குள், அதன் காரணமாகவே நடந்த திருட்டு என்றால் காப்பு உண்டு. வீட்டை விட்டு ஓட வேண்டி வந்தவனுக்கு இதைவிடப் பெரிய வித்தியாசம் இரண்டு பாலிசிகளுக்கும் இடையில் கிடையாது என்பது என் தீர்மானமான கருத்து. பூட்டிய தெருவில் எல்லா வீடும் இருட்டாக இருக்கும்போது பின்கதவுத் தாழ்ப்பாள் எத்தனை நேரம் தாங்கும் என்று பார்த்துவிட்டேன்.

இதிலும் ஓட்டைகள் உண்டு. வீட்டுக்கு வெளியே வைத்த பொருள் திருடு போனால் கிடையாது. வெளிச்சுவரிலோ மொட்டை மாடியிலோ மாட்டியது உறுதியாகப் பொருத்தப்பட்டிருந்தால்தான் கணக்கில் வரும். எங்கள் ஏசியின் வெளி யூனிட் இரண்டு செங்கல் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. இப்போது சுவரில் பிராக்கெட் அடித்து நட்டு போட்டு முறுக்கியிருக்கிறேன். ரொக்கப் பணத்துக்குக் காப்பு இல்லை. நகை வேண்டுமென்றால் தனியாகச் சேர்க்க வேண்டும். வண்டிக்கு அதன் சொந்த பாலிசிதான்.

இன்னொன்று. வீட்டிலிருந்து வேறு இடத்துக்கு எடுத்துப்போன பொருளுக்குச் சேதம் வந்தால் கிருஹ ரக்ஷாவிலும் கிடைக்காது. டிவியைக் கழற்றிப் படகில் ஏற்றி, அது கை தவறி விழுந்தால் உங்கள் நஷ்டம். அதே டிவி வீட்டிலேயே நனைந்தால் க்ளெய்ம். ஆகவே கிளம்பும்போது பெரிய சாமான்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். மருந்து, காகிதங்கள், மனிதர்கள் போதும். ஷார்ட் சர்க்யூட்டால் எரிந்துபோன மின்சாதனமும் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. மெயினை அணைக்காமல் போய், கரண்ட் வந்ததும் ஃபிரிட்ஜ் மோட்டார் எரிந்தால் அது வெள்ளச் சேதமா மின்சேதமா என்று சர்வேயரோடு வாதாட வேண்டியிருக்கும். இன்வெர்ட்டரையும் சேர்த்து அணைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்தது வாடகை. பழைய பாலிசியில் மாற்று வீட்டு வாடகை என்பது தனிக் காசு கொடுத்துச் சேர்க்க வேண்டிய ஒன்று, எங்களுக்குச் சேர்த்திருக்கவில்லை. கிருஹ ரக்ஷாவில் அது உள்ளேயே இருக்கிறது. சேதத்தால் வீடு குடியிருக்க லாயக்கில்லாமல் போனால், சரிசெய்ய நியாயமாக ஆகும் காலம்வரை, அதிகபட்சம் 3 வருடம், நாம் உண்மையில் கொடுக்கும் வாடகையைத் தருவார்கள். மாற்று வீடு அதே ஊரில் இருக்க வேண்டும், நம் வீட்டைவிட உசத்தியாக இருக்கக் கூடாது. வீடு குடியிருக்கத் தகுதியில்லை என்று ஆர்க்கிடெக்டிடமோ உள்ளாட்சி நிர்வாகத்திடமோ சான்றிதழ் வாங்கித் தர வேண்டும்.

இந்தப் பிரிவில் நான் க்ளெய்ம் போட்டதில்லை, அதனால் அடித்துப் பேச மாட்டேன். ஊருக்கே வெள்ளம் வந்த வாரத்தில் அந்தச் சான்றிதழை எவ்வளவு சீக்கிரம் வாங்க முடியும் என்பதில் எனக்குக் கவலை இருக்கிறது. எங்களுக்கு அப்போது சுவர் காய மூன்று வாரம் ஆனது, மாமியார் வீட்டில் இருந்தோம். உண்மையில் கொடுத்த வாடகை என்பதுதான் கணக்கு என்பதால், இந்தப் பாலிசி அன்றைக்கு இருந்திருந்தாலும் அந்த மூன்று வாரத்துக்கு எதுவும் வந்திருக்காது. சொந்தபந்தம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பிரிவின் மதிப்பு குறைவு. அப்படி யாரும் இல்லாதவர்களுக்கு இதற்காகவே வாங்கலாம்.

லோன் பாலிசிக்கு ஒரு நியாயம் சொல்ல வேண்டும். 2021-க்குப் பிறகு கடன் வாங்கியவர்களுக்கு பேங்க் கொடுத்ததே கிருஹ ரக்ஷாவாக இருக்கலாம். முதல் பக்கத்தில் பெயரைப் பாருங்கள். இருந்தால், பேங்க் பெயர் சேர்ந்திருக்கிறதா, கட்டடத் தொகை இன்றைய கட்டுமானச் செலவுக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் சரிபார்த்தால் போதும். இன்னொன்று வாங்கத் தேவையில்லை. வாடகை வீட்டில் இருப்பவர்கள் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம். கட்டடம் ஹவுஸ் ஓனர் பாடு.

எங்கள் வீட்டில் இப்போது ஒவ்வொரு செப்டம்பரிலும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், மனைவி போனை எடுத்து ஒவ்வொரு அறையாக வீடியோ எடுக்கிறாள். பீரோவைத் திறந்து, பரணைக் காட்டி, ஃபிரிட்ஜ் பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் எண்வரை. போன முறை சர்வேயர் "மிக்சி இருந்ததுக்கு என்ன ஆதாரம் சார்?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. வீடியோவும் பாலிசி நகலும் முதல் மாடி அக்காவின் போனிலும் இருக்கின்றன. அவருடைய பாலிசி எங்களிடம்.