காலப்பயண நாவல்கள்: வெளிவந்த வரிசையா, போய்ச் சேரும் வரிசையா?

தண்டையார்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல் ஒன்றும் தூரமில்லை. ஆனால் பேசின் பிரிட்ஜ் பக்கம் சிக்னலுக்காக வண்டி நின்றுவிட்டால் தாராளமாக ஒரு அத்தியாயம் முடிக்கலாம். அந்தக் காத்திருப்பை நம்பித்தான் காலப்பயண நாவல்களாகப் படித்துத் தள்ளுவது என்று இறங்கினேன். முதல் கேள்வியே சிக்கல்: எந்த வரிசையில் படிப்பது?

ஆரம்பித்தது வெளிவந்த ஆண்டுப்படி. இதில் ஒரு லாபம் உண்டு. மார்க் ட்வைன் 1889இல் எழுதிய நாவலில் ஹாங்க் மோர்கன் மண்டையில் கடப்பாரை அடி வாங்கி, கண் விழித்தால் 528ஆம் ஆண்டு இங்கிலாந்து. எப்படிப் போனான்? அதெல்லாம் கேட்கக் கூடாது. ஆறே வருடத்தில், 1895இல், ஹெச்.ஜி. வெல்ஸ் ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற இயந்திரத்தையே கொண்டுவந்துவிடுகிறார். இந்த வளர்ச்சி வரிசையாகப் படித்தால்தான் கண்ணில் படும். ஆனால் மூன்றாவது மாதமே பரீட்சைக்குப் படிக்கிற சலிப்பு வந்துவிட்டது. அதோடு, மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளை நம்பியிருப்பவனுக்கு இந்த வரிசை கட்டுப்படியாகாது. அங்கே கையில் சிக்குவதுதான் அடுத்த புத்தகம்.

அப்புறம்தான் மாற்றினேன்: கதாபாத்திரம் எந்த ஆண்டுக்குப் போகிறதோ, அந்த வரிசை. சார்ட் பேப்பரை நீளவாக்கில் வெட்டி ஒட்டி, பத்து வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கோடு போட்டு, ஹால் சுவரில் மாட்டினேன். 528இலிருந்து 1963 வரை கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர். அம்மாவுக்கு இதில் உடன்பாடில்லை.

ட்வைனுக்கு அடுத்து அந்தக் காகிதத்தில் வந்தது ஆக்டேவியா பட்லரின் 'கிண்ட்ரெட்'. எழுதியது 1979. டேனா என்ற கறுப்பினப் பெண் 1976ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸிலிருந்து, அடிமை முறை நடப்பிலிருந்த 19ஆம் நூற்றாண்டு மேரிலாந்துக்கு இழுக்கப்படுகிறாள். வெளிவந்த வரிசையில் போயிருந்தால் இரண்டுக்கும் நடுவே 90 வருடப் புத்தகங்கள். அதற்குள் ஹாங்கை மறந்தே போயிருப்பேன். அடுத்தடுத்துப் படித்ததில் உறைத்தது. ஹாங்க் சூரிய கிரகணத்தை முன்கூட்டியே சொல்லி உயிர் தப்புகிறான், அப்புறம் பள்ளிக்கூடம், பத்திரிகை, தொலைபேசி என்று ஊரையே தன் கைக்குள் கொண்டுவருகிறான். டேனா ஒரு அடிமைச் சிறுவனுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததற்குச் சாட்டையடி வாங்குகிறாள். எதிர்காலம் தெரிந்தவர்கள்தான் இருவரும். போய் இறங்குகிற உடம்பு யாருடையது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ட்வைனைப் பார்த்து அவ்வளவு சிரித்தேனே என்று அன்றைக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அடுத்தது 1958க்குப் போகும் ஸ்டீஃபன் கிங்கின் '11/22/63'. கென்னடி கொலையைத் தடுக்கப் போகிறவன் ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து காத்திருக்க வேண்டும். பத்து சென்ட்டுக்குக் குடிக்கிற ரூட் பியர் என்ற குளிர்பானத்தின் ருசி ஒன்றே போதும், நல்ல புத்தகம். ஆனால் 800 பக்கத்துக்கு மேல். கூட்ட வண்டியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிக்கிற சமாச்சாரம் இல்லை.

இந்த முறையிலும் ஓட்டை உண்டு. வெல்ஸின் பயணி போவது 8,02,701ஆம் ஆண்டுக்கு. என் அளவுப்படி சுவரைத் தாண்டி, தெருவைத் தாண்டி 800 மீட்டர் காகிதம் வேண்டும். ஓர் ஆண்டிலும் நிலையாக நிற்காமல் தாவிக்கொண்டே இருக்கும் கர்ட் வானகட்டின் 'ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ்' நாயகன் பில்லி பில்கிரிமை எங்கே குறிப்பது? இருவரையும் கதவுக்குப் பின்னால் தனிச் சீட்டில் ஒட்டிவைத்திருக்கிறேன். இத்தனைக்கும் பிறகு எனக்குப் பிடித்தது இரண்டாவது முறைதான்.

போன வாரம் அப்பா அந்தக் காகிதத்தில் பென்சிலால் இரண்டு புள்ளி வைத்திருந்தார். 1856, ராயபுரம் ஸ்டேஷன் திறந்தது. 1914, எம்டன் குண்டு போட்டது. "இங்கெல்லாம் யாரும் போகலியாடா?" என்றார். என் அலமாரியில் இதுவரை யாரும் போகவில்லை.