வாடைக்கு வாங்கலாம், சோளகத்துக்கு வேண்டாம்: 25ஆம் இலக்கச் சிவப்பு ஃபில்டர்

கறுப்பு வெள்ளையில் கடலை எடுக்கிறவர்களிடம் கேட்டால் முதலில் சொல்வது இதைத்தான்: சிவப்பு ஃபில்டரைப் போடு, வானம் கறுத்துப்போய்ப் பயமுறுத்தும். லண்டனில் இருக்கிற சித்தப்பாவும் அப்படிச் சொல்லித்தான் தன்னுடைய பழையதைக் கொடுத்துவிட்டார். 52 மி.மீ. அளவு, 25ஆம் இலக்கம், பித்தளை வளையம். என் நிக்கோன் எஃப்.எம்.2 பிலிம் கமராவின் 50 மி.மீ. லென்ஸில் அளவாகப் பொருந்தியது. பிலிம் இல்ஃபோர்ட் எச்.பி.5 பிளஸ், ஒளியுணர்வு (ஐ.எஸ்.ஓ) 400 உள்ள கறுப்பு வெள்ளைச் சுருள். கொழும்பின் இரண்டு பருவத்தையும் இதற்குள்ளால் பார்த்தபிறகு சொல்கிறேன்: இது வாடைக் காலத்துச் சாமான், அதாவது மார்கழி, தையில் வீசும் வடகிழக்குக் காற்றுக் காலத்துக்கு. மே முதல் செப்டம்பர் வரை அடிக்கும் தென்மேற்குக் காற்றான சோளகத்துக்கு ஆகாது.

காரணம் இதுதான். சிவப்புக் கண்ணாடி நீலத்தையும் பச்சையையும் மறித்துவிடும். நீல வானத்து ஒளி பிலிமுக்கு வந்து சேராததால் நெகட்டிவில் அந்த இடம் வெறுமையாகி, பிரின்டில் கறுக்கும். முகில் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய சமமாகத் திருப்பி அனுப்புவதால் வெள்ளையாகவே நிற்கும். அப்படியென்றால் வானத்தில் நீலம் இருக்க வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை, கொழும்பின் கடலோரத் திடலான காலிமுகத்திடலுக்கு மேல் மூடிக்கிடக்கும் சாம்பலில் நீலத்துக்கு எங்கே போவது? முகிலின் அடிப்பக்கமும் அதன் விளிம்பும் ஒரே அளவில் மங்கும், வேறுபாடு இருந்தபடியே இருக்கும். கண்டது ஒன்றுமில்லை, போனது மூன்று ஸ்டொப் ஒளி (ஒரு ஸ்டொப் என்றால் ஒளி பாதியாகக் குறைவது).

அந்த மூன்று ஸ்டொப் சின்ன விஷயமில்லை. கனத்த மூட்டத்தில் ஐ.எஸ்.ஓ 400 பிலிமுக்கு லென்ஸ் திறப்பு எஃப் 5.6இல் 1/500 நொடி வைக்கலாம் என்று எடுத்துக்கொண்டால், ஃபில்டரைப் போட்டதும் அது 1/60 ஆகிவிடும். சோளகம் அடிக்கிற நேரத்தில் காலிமுகத்திடலின் கடல்பக்கச் சுவரோரம் நின்று 1/60இல் கையில் பிடித்து எடுத்துப் பாருங்கள். தென்னோலை கலங்கும், கை ஆடும், லென்ஸில் உப்புத் தூவானம் படியும். கமராவுக்குள்ளால் பார்த்தால் எல்லாம் இரத்தச் சிவப்பு, போகஸ் பிடிக்கவே கண் வலிக்கும். கமராவுக்குள்ளே இருக்கும் ஒளிமானியையும் (மீட்டர்) இந்தச் சிவப்போடு அப்படியே நம்பாதீர்கள். ஃபில்டர் இல்லாமல் அளந்துவிட்டு மூன்று ஸ்டொப் திறப்பதுதான் பாதுகாப்பு.

மார்கழி, தை வந்தால் கதை வேறு. வெள்ளவத்தையில் காலை எட்டு மணிபோலக் கடற்கரைக்குப் போனால் வெயில் முதுகுப் பக்கம், முன்னால் நீலம், நடுவில் சின்னச் சின்ன வெள்ளை முகில். அப்போதுதான் இந்தக் கண்ணாடி சம்பளத்துக்கு வேலை செய்கிறது. ஒன்று கவனித்தேன்: கடல் விளிம்போரம் வானம் அவ்வளவு கறுப்பதில்லை. அங்கே ஈரப்புகார் வழியாகத்தான் பார்க்கிறோம், நீலமே வெளிறிப்போயிருக்கிறது. மேலே போகப் போகத்தான் இருட்டுகிறது. முழுக் கறுப்பு வானத்தை எதிர்பார்த்து வாங்குகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு இந்தப் படிப்படியான இருட்டுத்தான் பிடித்தது.

இன்னும் நல்ல நேரம் ஐப்பசி. காலையில் வெயில், பின்னேரம் இடிமழை. உள்நாட்டுப் பக்கமிருந்து முகில் கோபுரம் கோபுரமாக எழும்பும், இடையிடையே நல்ல நீலம் தெரியும், மேற்கே இறங்கும் வெயில் அந்தக் கோபுரங்களின் முகத்தில் அடிக்கும். அதை எடுக்கக் கடலுக்கு முதுகு காட்டித் திரும்ப வேண்டும். 1930இல் திறந்த பழைய பாராளுமன்றக் கட்டடத்துக்குப் பின்னால் அந்த முகில் நிற்கிற நேரம், சிவப்பு ஃபில்டருக்கு மிஞ்சியது இல்லை. கடல் வானத்துக்கென்று வாங்கியது நகர வானத்துக்குத்தான் அதிகம் உதவுகிறது!

நிறங்கள் செய்யும் கூத்தையும் சொல்ல வேண்டும். காலிமுகத்திடலில் பறக்கும் சிவப்புப் பட்டம் படத்தில் வெள்ளையாகும், நீலப் பட்டம் கறுப்பாகும். கல்கிசைத் தென்னைகள் கரிக்கோடாகிவிடும், அது வடிவுதான். ஆட்களை மட்டும் எடுக்காதீர்கள். தோல் வெளிறி, உதடு காணாமல் போய்விடும். மச்சாளை இறால் வடையும் கையுமாக எடுத்தேன். பிரின்டைப் பார்த்துவிட்டு, "என்னடி இது, வருத்தக்காரி மாதிரி இருக்கிறன்" என்று திருப்பித் தந்துவிட்டாள்.

சரி, சோளகத்தில் என்ன செய்வது? நான் இப்போது பையில் போடுவது பாதி சாம்பல், பாதி தெளிவான என்.டி கிராட் ஃபில்டர். அதற்கு நிறம் ஒரு பொருட்டில்லை. நீலமோ சாம்பலோ, மேல்பாதியை இரண்டு ஸ்டொப் இறக்கிவிடும். இதற்கு நேரான கடல் விளிம்பு வேண்டும். காலிமுகத்திடலில் வடக்குப் பக்கம் கடலை நிரப்பிக் கட்டும் 269 ஹெக்டேயர் துறைமுக நகரம் வந்து உட்கார்ந்துவிட்டதால், நேர்கோடு தேடி வெள்ளவத்தைக்கோ கல்கிசைக்கோ போவது நல்லது. அதோடு எச்.பி.5ஐ ஐ.எஸ்.ஓ 800 பிலிம் என்று வைத்து எடுத்து, கழுவும் நேரத்தைக் கூட்டினால் தட்டையான ஒளிக்கும் கொஞ்சம் முறுக்கு வரும். பிலிம் கழுவும் ஐ.டி.11 டெவலப்பர் கரைசலை மேலும் நீர் கலக்காமல் பாவித்தால், 20 பாகையில் 400க்கு ஏழரை நிமிடம், 800க்குப் பத்தரை. நம் குழாய்த் தண்ணீர் எந்த மாதமும் 20 பாகைக்கு இறங்காது, ஐஸ் கட்டி வாளி கட்டாயம்.

மிச்சத்தை இருட்டறையில் பார்த்துக்கொள்ளலாம். பிரின்ட் போடும்போது வானத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி கொடுத்துக் கறுக்க வைப்பது காசில்லாத ஃபில்டர். இதே கொழும்பில் வாழ்ந்த புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் (1900–1944) சோலரைசேஷன் (கழுவும்போது ஒளி காட்டி நிறத்தைப் புரட்டுவது), மொன்டாஜ் (பல படங்களை ஒன்றாக்குவது) என்று இருட்டறையில் செய்தவற்றைப் பார்த்தால், லென்ஸுக்கு முன்னால் மாட்டும் கண்ணாடியில் இவ்வளவு நம்பிக்கை வைக்கத் தோன்றாது.

டிஜிட்டல் கமராக்காரர் இதை வாங்கவே வேண்டாம். வழக்கமான சென்சரில் நாலில் ஒரு புள்ளிதான் சிவப்பை வாங்கும். ஃபில்டரைப் போட்டால் மற்றவை ஏறக்குறைய பட்டினி. நிறத்தில் எடுத்துவிட்டுக் கணினியில் கறுப்பு வெள்ளையாக்கும்போது நீலத்தைக் குறைத்தால் அதே இருட்டு வரும்.

பிலிம்காரர், அதுவும் வாடைக் காலத்தில் வெளியே திரிகிறவர் என்றால், பழையதாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். காசு ஒன்றுக்குத்தான் என்றால் செம்மஞ்சளை எடுங்கள். இரண்டு ஸ்டொப்தான் போகும், ஐப்பசி வானத்துக்கும் அது போதும். எதை வாங்கினாலும் பித்தளை வளையமா என்று பாருங்கள். அலுமினிய வளையம் உப்புக் காற்றில் லென்ஸோடு இறுகிப்போனால் கழற்றுவது பெரும்பாடு. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீர் தொட்ட துணியால் உப்பைத் துடைத்துக் காயவிட்டு, சிலிக்கா ஜெல் பொதி போட்ட டப்பாவில் வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சணம் கண்ணாடியைத்தான் முதலில் தேடி வரும்.