இரண்டு நாள், நான்கு ஆட்டம், ஒரு காலிப் பலகை

பிள்ளைகளின் அணியை வார இறுதிக் கூடைப்பந்துப் போட்டி ஒன்றுக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்காகவும் கோச்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எங்களுடையது 14 வயதுக்குட்பட்ட பெண்கள் அணி. பத்துப் பேர். என் மகள் 9-ஆம் எண். அணியோடு போகும் அம்மாக்களில் நானும் ஒருத்தி. யார் எத்தனை ஃப்ரீ த்ரோ (எதிரணி ஃபவுல் செய்தால் யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியக் கிடைக்கும் வாய்ப்பு, விழுந்தால் ஒரு புள்ளி) போட்டார்கள், யார் பந்தைப் பறிகொடுத்தார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே இருப்பேன். அந்த நோட்டை வைத்துத்தான் இதையும் எழுதுகிறேன். போட்டியை நடத்தியவர்களின் பெயரைச் சொல்லவில்லை. குறைகளை அவர்களிடமே நேரில் சொல்லிவிட்டேன், அவர்களும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

இந்தப் போட்டியை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம் அதன் அமைப்பு. எட்டு அணிகள், நான்கு நான்காக இரண்டு பிரிவு. பிரிவுக்குள் எல்லோரும் எல்லோரோடும் ஆட வேண்டும். முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் அரையிறுதிக்குப் போவார்கள். மற்றவர்களுக்கு ஐந்தாம் இடத்துக்கும் ஏழாம் இடத்துக்கும் ஆட்டம் உண்டு. ஆக, எல்லாவற்றிலும் தோற்றாலும் நான்கு ஆட்டம் நிச்சயம். ஒரு ஆட்டத்தில் தோற்றதும் மூட்டை கட்டச் சொல்லும் போட்டிகள் இந்த வயதுக்குச் சரிப்படாது என்பது என் உறுதியான எண்ணம். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்த பிள்ளை அரை மணி நேரம் ஆடிவிட்டுத் திரும்புவதில் என்ன இருக்கிறது?

சனிக்கிழமை காலை முதல் ஆட்டம் வெள்ளை அணியோடு. (அணிகளை உடையின் நிறத்தை வைத்தே சொல்கிறேன். நாங்கள் நீலம்.) ஆரம்பித்த இரண்டு நிமிடத்துக்கு எங்கள் பிள்ளைகள் எறிந்த பந்தெல்லாம் வளையத்துக்கு முன்னாலேயே விழுந்தது. எதிர் அணிக்கும் அதே கதி. பதற்றம்தான் காரணம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தபோது, ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்திப் பந்தைத் திருப்பிப் பார்த்தார். 7-ஆம் எண் பந்து! அதற்கு முன் நடந்த பையன்கள் ஆட்டத்தின் பந்து அப்படியே தங்கிவிட்டிருக்கிறது. பெண்களுக்கு 6-ஆம் எண். சுற்றளவு 72 சென்டிமீட்டர் போல, எடை 510 முதல் 550 கிராம் வரை. 7-ஆம் எண் என்றால் 75 சென்டிமீட்டருக்கு மேல், எடை 600 கிராமை ஒட்டி வரும். சொல்லும்போது சின்ன வித்தியாசம்தான். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக் கைகளுக்கு அது பெரிய வித்தியாசம். ரெஃப்ரி வேறு பந்தை வாங்கி, தோள் உயரத்திலிருந்து தரையில் விட்டு, இடுப்பு வரை எழும்புகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். அடுத்த ஆட்டத்துக்குள் எல்லாப் பந்திலும் பெரிதாக எண் எழுதிவிட்டார்கள். தவறு நடந்தது, நடந்த உடனே திருத்தினார்கள். இரண்டு நாளும் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது.

அந்த ஆட்டத்தை 38-16 என்று ஜெயித்தோம். பாதி ஆட்டத்துக்கு மேல் கோச் அக்கா முதல் ஐந்து பேரையும் உட்கார வைத்துவிட்டு மற்றவர்களை இறக்கினார். அது சரியான முடிவு என்று அன்றைக்கும் நினைத்தேன், பிறகு நடந்ததை எல்லாம் பார்த்த பின்னும் அப்படித்தான் நினைக்கிறேன்.

தரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உள்ளரங்கில் இரண்டு மைதானம், இரண்டுமே மரத்தரை. ஒவ்வொரு கால் பகுதி முடிந்ததும் இரண்டு பிள்ளைகள் நீளத் துடைப்பானோடு ஓடிவந்து வியர்வையைத் துடைத்துவிட்டுப் போனார்கள். நானும் எத்தனையோ இடங்களுக்குப் போயிருக்கிறேன், இதை இவ்வளவு ஒழுங்காகச் செய்து பார்த்ததில்லை. இருந்தும் எங்கள் 12-ஆம் எண் மாலை ஆட்டத்தில் ரீபவுண்டுக்கு, அதாவது கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்துக்கு, தாவி, இன்னொருத்தியின் காலில் இறங்கிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டாள். முதலுதவிக்கென்றே ஒருவர் ஸ்கோர் எழுதும் மேசை அருகில் இருந்தார். ஐஸ் வைத்து, காலைத் தூக்கி வைத்துப் படுக்கவைத்தார். அவள் அழுது கெஞ்சியும் திரும்ப ஆட விடவில்லை. அதற்காகவே அவருக்குத் தனியாக நன்றி சொன்னேன்.

மாலை ஆட்டம் பச்சை அணியோடு. 29-36, தோல்வி. நோட்டைப் புரட்டினால் காரணம் ஒரே வரியில் இருக்கிறது: ஃப்ரீ த்ரோ 19-க்கு 7. பன்னிரண்டு தவறவிட்டு ஏழு புள்ளியில் தோற்றோம். பச்சை அணி எங்களை மைதானம் முழுக்க விரட்டிப் பிடித்தது. எட்டு விநாடிக்குள் பந்தை மறுபாதிக்குக் கொண்டுபோக முடியாமல் மூன்று முறை பந்தை இழந்தோம். அது பழகப் பழகச் சரியாகிவிடும். ஃப்ரீ த்ரோ விஷயம் அப்படி இல்லை. இதில் போட்டியின் விதிக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

இங்கே ஒரு கால் பகுதி எட்டு நிமிடம், கடிகாரம் நிற்காமல் ஓடும். நான்காவது கால் பகுதியின் கடைசி இரண்டு நிமிடம் மட்டும்தான் விசிலுக்கு நிற்கும். முறையான ஆட்டத்தில் பத்து நிமிடக் கால் பகுதி, ஒவ்வொரு விசிலுக்கும் கடிகாரம் நின்றுவிடும். ஒரே நாளில் இத்தனை ஆட்டத்தை நடத்த வேண்டும், ஓடும் கடிகாரம் இல்லாமல் முடியாது, எனக்கும் புரிகிறது. ஆனால் ஃப்ரீ த்ரோ போட நிற்கிற பிள்ளை என்ன செய்கிறாள்? நேரம் ஓடுவதைப் பார்க்கிறாள். பந்து கைக்கு வந்ததும் வீசிவிடுகிறாள். பின்தங்கியிருந்த எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருத்தியும் அதைத்தான் செய்தாள். அடுத்த முறை ஃப்ரீ த்ரோவுக்கு மட்டுமாவது கடிகாரத்தை நிறுத்துங்கள் என்று கேட்டிருக்கிறேன். ஆட்டத்துக்கு மூன்று நான்கு நிமிடம் கூடும், அவ்வளவுதான்.

அன்று இரவு கோச் அக்கா எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னது எளிமையான விஷயம். "ரெஃப்ரி பந்தைக் கையில கொடுத்தா அஞ்சு செகண்ட் உங்களோடது. அது வேற யாருக்கும் இல்ல. மூணு தட்டு, ஒரு மூச்சு, அப்புறம் முட்டியை மடக்கிப் போடுங்க." பந்தே இல்லாமல் பத்து நிமிடம் அதையே செய்யவைத்தார். நானும் ஒரு மூலையில் நின்று என்னை அறியாமல் மூன்று தட்டு தட்டிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவதற்கு முன் மேசையைப் பற்றி. ஒவ்வொரு அணியும் பெரியவர் ஒருவரை ஸ்கோர் எழுதத் தர வேண்டும் என்பது இங்கே விதி. எங்கள் அணி சார்பில் நான் போனேன். சனிக்கிழமை மதியம் அடுத்த பிரிவின் இரண்டு ஆட்டங்களுக்கு நான்தான் எழுதினேன். முதல், மூன்றாம் கால் பகுதிக்குச் சிவப்புப் பேனா, மற்றதுக்கு நீலம். இரண்டு புள்ளிக் கூடைக்கு அணியின் மொத்தப் புள்ளியைக் காட்டும் எண்ணின் மேல் சாய்கோடு, ஃப்ரீ த்ரோவுக்கு நிறைத்த புள்ளி, மூன்று புள்ளி என்றால் போட்டவளின் எண்ணைச் சுற்றி வட்டம். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தந்த பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. ஒரு ஃபவுலைக் கட்டம் மாற்றி எழுதிவிட்டேன். அவள் பதறவே இல்லை, ரெஃப்ரியிடம் சொல்லி அடுத்த இடைவேளையில் திருத்திக்கொண்டாள். பெற்றோரை மேசைக்கு இழுப்பதை எல்லோரும் தொல்லையாக நினைக்கிறார்கள். போய் உட்கார்ந்து பாருங்கள், உங்கள் பிள்ளை ஆடும் ஆட்டத்தை அதன் பிறகு வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

சரி, ஞாயிறு காலை. சிவப்பு அணியோடு மூன்றாவது ஆட்டம்.

இந்த வருஷத்தில் எங்கள் பிள்ளைகள் ஆடிய மிக நல்ல ஆட்டம் இதுதான். 12-ஆம் எண் இல்லாததால் ரீபவுண்டுக்கு உயரம் போதவில்லை. அதனால் ஐந்து பேரும் பாக்ஸ் அவுட் செய்தார்கள். அதாவது, பந்து மேலே போன நொடியே எதிராளிக்கு முதுகு காட்டி, வளையத்துக்கும் அவளுக்கும் நடுவே நின்றுகொண்டார்கள். பயிற்சியில் ஆயிரம் முறை கத்திச் சொல்லியும் நடக்காத காரியம். எங்கள் 4-ஆம் எண் அணியிலேயே குள்ளம். மூன்றாவது கால் பகுதியில் தன்னைவிட ஒரு தலை உயரமானவளை முதுகாலேயே இரண்டடி தள்ளிக்கொண்டு போனாள். அவள் கைக்குப் பந்து வரவில்லை. தரையில் விழுந்து எழுந்த பந்தை 9-ஆம் எண் எடுத்துக்கொண்டு ஓடினாள். கூடைக்கான பெயர் 9-க்குப் போனது. என் நோட்டில் 4-க்கும் ஒரு நட்சத்திரம் போட்டேன்.

ஃப்ரீ த்ரோ 14-க்கு 9. மூன்று தட்டு, ஒரு மூச்சு.

கடைசியில் 30-26. எங்கள் 7-ஆம் எண்ணுக்கு ஒரே ஒரு ஃப்ரீ த்ரோ, போட்டாள், 31-26. ஆறு விநாடி மிச்சம். ஐந்து புள்ளி முன்னிலை, இனி தோற்கவே முடியாது. பிள்ளைகள் துள்ளத் தொடங்கினார்கள், என் மகளும்தான். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து கட்டிக்கொண்டார்கள். சிவப்பு அணியின் சின்னப் பெண் ஒருத்தி மட்டும் பந்தை வாங்கி, மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தனியாக ஓடி, பஸ்ஸர் ஒலிக்கும்போது லே-அப் போட்டாள். அவளைத் தடுக்க யாருமே இல்லை. 31-28. நாங்களும் கைதட்டினோம், நல்ல முயற்சி என்று.

அந்தக் கூடைதான் எங்களை அரையிறுதியிலிருந்து வெளியேற்றியது. நண்பகல் வரை எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

நடந்தது இதுதான். சிவப்பு, பச்சை, நீலம் மூன்று அணிகளும் தலா இரண்டு வெற்றி, ஒரு தோல்வி. வெள்ளைக்கு மூன்றும் தோல்வி. மூன்று அணிகள் சமமாக நின்றால், அந்த மூன்று அணிகளும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் புள்ளி வித்தியாசத்தைத்தான் பார்ப்பார்கள். கூடைப்பந்தின் உலக அமைப்பான ஃபீபாவின் விதியும் அதுதான். வெள்ளை அணியை 22 புள்ளியில் ஜெயித்தது கணக்கிலேயே வராது. பச்சை எங்களை ஏழில் ஜெயித்தது, சிவப்பிடம் இரண்டில் தோற்றது: கூட்டல் ஐந்து. சிவப்பு பச்சையை இரண்டில் ஜெயித்தது, எங்களிடம் மூன்றில் தோற்றது: கழித்தல் ஒன்று. நாங்கள் கழித்தல் நான்கு. மூன்றாம் இடம். அந்தக் கடைசிக் கூடை விழாமல் ஆட்டம் 31-26 என்று முடிந்திருந்தால் நாங்கள் கழித்தல் இரண்டு, சிவப்பு கழித்தல் மூன்று. அரையிறுதிக்கு நாங்கள் போயிருப்போம்.

விதியில் எனக்கு மனக்குறை இல்லை. எல்லா ஆட்டத்தின் வித்தியாசத்தையும் சேர்த்தால் நாங்கள்தான் முதலிடம், ஆனால் அப்படி ஒரு விதி இருந்தால் ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருக்கும் வெள்ளை அணிப் பிள்ளைகளை ஒவ்வொரு அணியும் ஈவு இரக்கமில்லாமல் அடித்திருக்கும். கோச் அக்கா முதல் ஐவரை உட்காரவைத்திருக்கவும் மாட்டார். விதியை நுழைவாயில் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியும் வைத்திருந்தார்கள். நாங்கள் சனிக்கிழமையே படித்தோம்.

என் மனக்குறை பலகையைப் பற்றியது. முடிவுகளை எழுதுவதற்கென்று ஒரு வெள்ளைப் பலகை வைத்திருந்தார்கள். சனிக்கிழமை காலையிலிருந்து ஞாயிறு நண்பகல் வரை அதில் அணிகளின் பெயரைத் தவிர எதுவும் இல்லை. சிவப்பு பச்சையை ஜெயித்தது எங்களுக்குத் தெரியும். எத்தனை புள்ளியில் என்று தெரியாது, அதே நேரத்தில் நாங்கள் பக்கத்து மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தோம். அந்த ஒரு எண் பலகையில் இருந்திருந்தால், குறைந்தது ஐந்து புள்ளியில் ஜெயிக்க வேண்டும் என்று ஞாயிறு காலையிலேயே கணக்குப் போட்டிருக்கலாம். ஆறு விநாடி மிச்சம் இருக்கும்போது ஐந்து பேரும் பின்னால் ஓடியிருப்பார்கள். விதியைச் சொல்லிவிட்டு எண்களைச் சொல்லாமல் விடுவது விதியைச் சொல்லாததற்குச் சமம். மேசையில் போய்க் கேட்டிருக்கலாமே என்று தோன்றலாம். கேட்டிருக்கலாம்தான். நோட்டோடு திரியும் நானே கேட்கவில்லை. ஆனால் அதற்காகத்தானே பலகை?

பலகையில் எழுதியபோது எங்கள் பிள்ளைகள் அரையிறுதிக்கு ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேசைப் பொறுப்பாளர் ஒரு தாளோடு வந்து, அவர்களோடு தரையில் உட்கார்ந்து, கணக்கை ஒவ்வொரு வரியாகப் போட்டுக் காட்டினார். "நேத்தே எழுதியிருக்கணும். எங்க தப்புதான்" என்று பிள்ளைகளிடமே சொன்னார். பெற்றோரிடம் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளிடம் சொன்னது எனக்குப் பெரிதாகப் பட்டது. என் மகள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த ஒரு கூடையாம்மா?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

ஐந்தாம் இடத்துக்கான ஆட்டம் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. சனிக்கிழமை இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே ஐந்து மணி நேரம் சும்மா உட்காரவைத்துவிட்டு ஞாயிறு இப்படி நெருக்கியது சரியில்லை. இரண்டு பக்கமும் கால்கள் ஓய்ந்துபோயிருந்தன. ஆட்டமும் அப்படித்தான் இருந்தது, விவரிக்க அதிகம் இல்லை. 27-24 என்று முன்னிலை, நான்கு விநாடி மிச்சம். எதிர் அணி பந்தை உள்ளே எறிந்தபோது எங்கள் ஐந்து பேரும் ஏற்கெனவே தங்கள் வளையத்தின் கீழே கை விரித்து நின்றிருந்தார்கள். அங்கே புள்ளி வித்தியாசத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. யாரும் சொல்லவும் இல்லை. பஸ்ஸர் ஒலித்து முடித்து, ரெஃப்ரி கையை இறக்கிய பிறகுதான் ஒருத்தி முதலில் சிரித்தாள்.

முதல்முறை வெளியே ஆடப்போகும் அணி என்றால் தயங்காமல் இந்த மாதிரிப் போட்டிக்கு அனுப்புங்கள். நான்கு ஆட்டம் உறுதியா, முதலுதவிக்கு ஆள் உண்டா, கடிகாரம் எப்போது நிற்கும், சமநிலையை எப்படிப் பிரிப்பார்கள், இவற்றைப் பெயர் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். பத்துப் பேருக்குக் குறைவாக அழைத்துப் போகாதீர்கள், இரண்டாம் நாள் தாங்காது.

நாங்கள் அடுத்த முறையும் போகிறோம். பலகைக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நானே வந்து எழுதுகிறேன் என்று மேசைப் பொறுப்பாளரிடம் சொல்லியிருக்கிறேன். பேனாவும் நானே கொண்டுவருகிறேன் என்றேன், சரி என்று என் எண்ணை வாங்கிக்கொண்டார்.