சோயா மெழுகுக்கு எந்தத் திரி? மதுரை வெயிலில் எரித்துப் பார்த்த அனுபவம்

சோயா மெழுகுவர்த்தி செய்கிறவர்கள் மெழுகைப் பற்றியும் வாசனையைப் பற்றியும் யோசிக்கிற அளவுக்குத் திரியைப் பற்றி யோசிப்பதில்லை. நான் சில வருடங்களாக மதுரையில் வீட்டிலேயே மெழுகு ஊற்றி எரித்துப் பார்க்கிறேன், கிறிஸ்துமஸ் நெருங்கும்போது தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் விற்கவும் செய்கிறேன். ஒரு ஜார் ஒழுங்காக எரிவதும் எரியாததும் முக்கால்வாசி திரியில்தான் இருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்விட்டம் ஆறரை சென்டிமீட்டர் உள்ள கண்ணாடி ஜாரில், சி.டி. வரிசையின் (தடிமனுக்கு ஏற்ப எண் போட்டு விற்கும் ஒரு பின்னல் திரி வகை) 10-ஆம் எண் திரிதான் எனக்கு நின்று உழைக்கிறது. வெட்டிவேர், சந்தனம் மாதிரிக் கனமான வாசனை என்றால் 12. ஆனால் இந்த எண்ணை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு பயனில்லை. ஜார் அரை சென்டிமீட்டர் மாறினாலே கணக்கு மாறிவிடும்.

சோயா மெழுகு என்பது சோயா எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கியது. வனஸ்பதி செய்வதும் இதே வழியில்தான். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில்தான் இது மெழுகுவர்த்திக்கு வந்தது. ஜாரில் ஊற்றும் ரகம் 45 முதல் 50 டிகிரிக்குள் உருகிவிடும். பெட்டிக்கடையில் வாங்கும் பாரஃபின் மெழுகுவர்த்திக்கு அதைவிடக் கூடுதல் சூடு வேண்டும். சீக்கிரம் உருகுவதால் சோயாவுக்குச் சின்னத் திரியே போதும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. உருகிய சோயா கொஞ்சம் கனமாக இருக்கும், திரியின் இழைகளில் மெதுவாகத்தான் ஏறும். அதனால் ஒரே ஜாரில் பாரஃபினுக்குப் போடுவதைவிடச் சோயாவுக்கு ஒரு சுற்றுத் தடித்த திரி வேண்டும்.

வீட்டில் பஞ்சுத் திரி கட்டுக் கட்டாக இருக்கும்போது இதற்கென்று தனியாக வாங்க வேண்டுமா என்று பலரும் கேட்கிறார்கள். அம்மன் சன்னதிப் பக்கம் பூஜைச் சாமான் கடைகளில் பஞ்சுத் திரி, தாமரைத் தண்டுத் திரி, வாழைத் தண்டுத் திரி எல்லாமே கிடைக்கும். எல்லாம் விளக்குக்கு உகந்தவை, மெழுகுக்கு ஆகாது. அகலில் திரி படுத்துக் கிடக்கிறது, எண்ணெயும் ஏற்கனவே திரவமாக இருக்கிறது. திரி கருகினால் தூண்டிவிடலாம், உள்ளே இழுத்துவிடலாம். என் மாமியார் முதன்முதலில் ஜாரைப் பார்த்துக் கேட்டதும் இதைத்தான்: “ஏம்மா, இதுல தூண்டி விடுறதுக்கு வழியே இல்லையா?” இல்லை. மெழுகுத் திரி தனியாக நிமிர்ந்து நிற்க வேண்டும், மெழுகைத் தானே உருக்கி மேலே இழுக்க வேண்டும், கூடவே தன் நுனியையும் எரித்துக் கழித்துக்கொண்டே வர வேண்டும். முறுக்கிய பஞ்சு மெழுகு இளகியதும் சரிந்து விழுந்துவிடும்.

நுனி தானே எரிந்து கழிவது பின்னலால் வருகிற குணம். அந்தக் காலத்து ஐரோப்பாவில் முறுக்குத் திரி கருகி நீள நீள, ஆள் பக்கத்தில் இருந்து கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 1825-ல் பிரான்சில் கம்பாசெரஸ் என்பவர் பின்னல் திரியைக் கொண்டுவந்தார். பின்னிய திரி எரியும்போது ஒரு பக்கமாக வளைந்து, நுனியைச் சுடரின் வெளிவிளிம்புக்கு நீட்டும். அங்கேதான் சூடும் காற்றும் அதிகம் என்பதால் நுனி அங்கேயே சாம்பலாகிவிடும். சி.டி., எக்கோ என்று விற்கும் திரிகள் இந்த வகைதான். தட்டையான பருத்திப் பின்னலோடு காகித இழையும் சேர்ந்திருக்கும், நடுவில் உலோகம் கிடையாது. சோயாவுக்கு இவை இரண்டுமே நன்றாக ஒத்துவருகின்றன. உலோகக் கம்பி வைத்த திரி வாங்க நேர்ந்தால் என்ன உலோகம் என்று கேட்டு வாங்குங்கள். ஈயக் கம்பித் திரியை அமெரிக்கா 2003-லேயே தடை செய்துவிட்டது. இப்போது வருவது பெரும்பாலும் துத்தநாகம்.

என் பெரிய மனக்குறை விற்பனையாளர்கள் மேல்தான். பாக்கெட்டில் “20 செ.மீ., 50 எண்ணம்” என்று இருக்கும். தடிமன் என்ன, எந்த வரிசை, எத்தனை இழை என்பது எதுவும் இருக்காது. நீளத்தை நாம் கத்தரியால் மாற்றிக்கொள்ளலாம், தடிமனை என்ன செய்ய முடியும்? ஒரு இணையக் கடையில் ஒரே பெயரில் இரண்டு முறை வாங்கினேன், இரண்டும் வேறு வேறு தடிமனில் வந்தன. அப்புறம் வரிசையும் எண்ணும் போடாத திரியை நான் தொடுவதில்லை. விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் வீணாகும் மெழுகோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

சோதித்துப் பார்க்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரே மாதிரி மூன்று ஜார், ஒரே மெழுகு, ஒரே அளவு வாசனை, திரி மட்டும் 8, 10, 12. ஊற்றிய மறுநாளே பற்ற வைக்காதீர்கள். சோயா முழுதாக இறுக நாள் எடுக்கும், ஒரு வாரமாவது, முடிந்தால் இரண்டு வாரம் விடுங்கள். திரியை அரை சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலாக விட்டு வெட்டுங்கள். குட்டி ஜாருக்குள் கத்தரி நுழையாது, நகவெட்டி அழகாக வேலை செய்யும். ஃபேனை நிறுத்திவிட்டுப் பற்ற வையுங்கள். ஃபேன் காற்றில் சுடர் ஒரு பக்கம் சாய்ந்தால் கண்ணாடி அந்தப் பக்கம் மட்டும் கரி பிடிக்கும், நாம் பழியைத் திரிமேல் போட்டுவிடுவோம்.

ஜாரின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் என்பது கணக்கு. ஆறரை சென்டிமீட்டர் ஜாரில் இரண்டரை மணி நேரத்துக்குள் உருகிய மெழுகு விளிம்பைத் தொட வேண்டும். ஆழத்தை அளக்க நான் வைத்திருப்பது விளக்குமாற்று ஈர்க்கு. சுடரில் படாமல் ஓரமாகச் செங்குத்தாக இறக்கி எடுத்தால் நனைந்த தடம் பளபளவென்று தெரியும், அதைப் பள்ளிக்கூட ஸ்கேலில் வைத்துப் பார்ப்பேன். ஒரு சென்டிமீட்டர் வாக்கில் இருந்தால் நல்லது. ஒன்றரையைத் தாண்டினால் திரி பெரிது, வாசனை சீக்கிரம் தீர்ந்துவிடும், ஜாரும் தொட முடியாமல் கொதிக்கும். விளிம்பைத் தொடாமல் நடுவில் கிணறு மாதிரி குழி இறங்கினால் திரி சின்னது.

சுடரையும் பாருங்கள். துடிக்காமல் நிமிர்ந்து நிற்க வேண்டும். நுனியில் கறுப்பாக ஒரு குமிழ் திரண்டு காளான் குடை மாதிரி விரியும். பெரும்பாலும் திரி பெரிதாகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். சோயாவில் சின்னதாக ஒரு குமிழ் வந்தால் பரவாயில்லை. அணைத்து, ஆறவிட்டு, கிள்ளிப் போட்டுவிட்டு மறுபடி ஏற்றலாம். குமிழ் உதிர்ந்து மெழுகில் விழும் அளவுக்கு வளர்ந்தால் ஓர் எண் கீழே இறங்குங்கள். எதுவானாலும் ஒரே மூச்சில் நாலு மணி நேரத்துக்கு மேல் எரிய விடக் கூடாது.

இன்னொன்று, முதல் எரிப்பை மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். மேலே வாய் பெரிதாக இருக்கிறது, காற்றும் தாராளம். மெழுகு பாதி இறங்கியதும் கண்ணாடிச் சுவருக்குள் சூடு தேங்கும், உருகும் வேகம் கூடும். அடி சிறுத்த ஜாராக இருந்தால் கேட்கவே வேண்டாம். மேலே கொஞ்சம் சோம்பலாக எரிந்த திரிதான் பாதிக்குக் கீழே சரியாக நின்றிருக்கிறது. அடிவரை எரித்துப் பார்த்த பிறகே ஒரு திரியை நான் ஏற்றுக்கொள்கிறேன். அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு மிச்சம் இருக்கும்போது நிறுத்திவிட வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது.

இப்போது வெயிலுக்கு வருகிறேன். வெளிநாட்டு நிறுவனங்களின் திரி அளவு அட்டவணை குளிர்ச்சியான அறையை மனதில் வைத்துப் போட்டது. சித்திரை, வைகாசியில் இங்கே வெளியே 40 டிகிரி. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் மெழுகு பற்ற வைக்கும் முன்பே இளகிக் கிடக்கும், மேற்பரப்பில் வாசனை எண்ணெய் துளித்துளியாக வியர்த்திருக்கும். உருகுவதற்கு இன்னும் பத்து டிகிரிகூடத் தேவையில்லாத மெழுகுக்கு மார்கழியில் போட்ட அதே திரியைப் போட்டால் உருகிய மெழுகுக் குளம் சீக்கிரமே ஆழமாகிவிடுகிறது. அதனால் மார்கழியில் 12 போட்ட ஜாருக்குக் கோடையில் 10. மல்லி வாசனை ஜாருக்கு மார்கழியில் 10, கோடையில் 8. இதை எந்த அட்டவணையும் எனக்குச் சொல்லவில்லை, ஒரே ஜாரை இரண்டு பருவத்திலும் எரித்துப் பார்த்ததில் தெரிந்தது. கோடையில் இன்னொரு தொல்லை, திரியை ஜாரின் அடியில் ஒட்டும் சில வகைப் பசை சூட்டில் விட்டுக்கொடுத்துத் திரி சாய்ந்துவிடும். சூடு தாங்கும் ஒட்டுவில்லைதான் நம்பகம். திரி ஓரமாகச் சாய்ந்தால் அந்தப் பக்கக் கண்ணாடி மட்டும் சூடேறி விரிசல் விடும், இதில் அலட்சியம் கூடாது.

வாசனை எண்ணெய் ஆறு முதல் எட்டு சதவீதம் போதும். கெட்டியான எண்ணெய்கள் இழைகளை அடைக்கும், வனிலாவும் அப்படித்தான். நிறத்துக்குக் குழந்தைகளின் கிரேயான் போடுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. அதிலுள்ள நிறப்பொடி கரையாது, எவ்வளவு நல்ல திரியானாலும் சீக்கிரம் திணறிவிடும். மெழுகுக்கென்றே விற்கும் சாயம் மட்டும் போடுங்கள், இல்லையென்றால் வெள்ளையாகவே இருக்கட்டும்.

தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றித் தரச் சொல்லி நிறையப் பேர் கேட்கிறார்கள். பார்க்க அழகுதான், எனக்கு மனம் ஒப்பவில்லை. சிரட்டையே விறகு. அடி குவிந்து போவதால் சுடர் இறங்க இறங்கச் சிரட்டையின் சுவரை நெருங்கும், எந்த எண் திரி போட்டாலும் இதற்குத் தீர்வு இல்லை. பூச்சு இல்லாத மண் குவளையும் வேண்டாம். மண் மெழுகைக் குடித்துக்குடித்துக் கடைசியில் குவளையே திரியாகி ஓரத்தில் தீப்பிடிக்கக்கூடும்.

மரத் திரியும் வாங்கிப் பார்த்தேன். சடசடவென்று சத்தம் கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் மூன்று மில்லிமீட்டருக்கு வெட்டி வைக்காவிட்டால் அடிக்கடி அணைந்துவிடுகிறது. அன்பளிப்பாகக் கொடுக்கும் ஜாரில் அதை நான் வைப்பதில்லை, வாங்குகிறவர்கள் அவ்வளவு கவனமாக வெட்டமாட்டார்கள். ஒன்பது, பத்து சென்டிமீட்டர் அகல ஜாருக்கு ஒரு பெரிய திரியைவிட இரண்டு சின்னத் திரி மேல். ஒன்றுக்கொன்று நெருங்கி நின்றால் நடுவில் சூடு குவியும், விளிம்பில் மெழுகு உருகாமல் நிற்கும். அதனால் விட்டத்தில் பாதி இடைவெளி விட்டு நடுகிறேன். புதிதாக ஆரம்பிப்பவர்கள் அந்தப் பக்கம் போவதற்கு முன் ஒரே ஒரு ஜார் வகையை எடுத்துக்கொண்டு, அட்டவணை சொல்லும் எண், அதற்கு மேல் ஒன்று, கீழ் ஒன்று என மூன்றில் பத்துப் பத்து மட்டும் வாங்குங்கள்.